சொந்தப் பாவனைக்கு

காலை ஒன்பதேகால் மணிக்கு ஒரு மனிதரைப் பேச வைப்பது என் வேலையின் ஒரு பகுதி. நான் லண்டனில் டூட்டிங் என்ற பகுதியில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். மருத்துவர் எழுதிக்கொடுத்ததைப் பார்த்து, மருந்தை எண்ணி, லேபல் ஒட்டிக் கொடுக்கிற வேலை. ஞாயிறு தவிர மற்ற எல்லா நாளும் டெரிக் வருவார். அறுபது வயது வெள்ளைக்காரர், கோடையிலும் கழுத்தில் ஒரு கம்பளிச் சால்வை. ஹெரோயினை விட முயல்பவர்களுக்கு மெத்தடோன் என்று ஒரு பச்சை மருந்து உண்டு. அதைச் சின்னக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தால் கடைக்குள்ளேயே எங்கள் கண்முன்னால் குடிக்க வேண்டும். குடித்தால் மட்டும் போதாது. வாய்க்குள் அடக்கிக்கொண்டு போய் வெளியே விற்பவர்களும் உண்டாம். ஆகவே குடித்து முடித்ததும் அவர் நாலு வார்த்தை பேச வேண்டும். பேசினால்தான் விழுங்கிவிட்டார் என்று பதிவில் எழுதலாம். ஊரில் என்னை வாயை மூடு, வாயை மூடு என்று சொல்லியே வளர்த்தார்கள். இங்கே இன்னொருவரின் வாயைத் திறக்க வைப்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

முதல் நாள் என்ன பேசுவதென்று தெரியாமல், நம் வழக்கப்படி சாப்பிட்டீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. சாப்பிட்டுவிட்டுத்தான் இதைக் குடிக்க வேண்டுமா, இத்தனை வருடமாக யாரும் எனக்குச் சொல்லவில்லையே என்றார். இல்லை, சும்மா கேட்டேன் என்றேன். சும்மா ஒருவர் எதற்காக அதைக் கேட்க வேண்டும் என்று அவருக்கு விளங்கவில்லை. அடுத்த நாள் மருந்தைக் குடித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் கடதாசியை எடுத்து என் முன்னால் வைத்தார். பக்கத்துக் கஃபேயில் முட்டையும் பாணும் சாப்பிட்டதற்கான பில். ஒரு கிழமை முழுக்க பில் வந்தது. பிறகுதான் எங்கள் ஆட்கள் 'குட் மோர்னிங்' சொல்லவேண்டிய இடத்தில் இதைக் கேட்பார்கள் என்று விளக்கி முடித்தேன். இப்போது கோப்பையைக் கீழே வைத்ததும் அவரே என்னைக் கேட்கிறார், "ஹேவ் யூ ஈட்டன், மை லவ்?" என்று. அதையே அவர் பேசியதாகப் பதிவு செய்துவிடுகிறேன்.

எங்கள் சனத்துக்கு இந்தக் காட்சி பிடிக்காது. பனடோல் வாங்க வருகிறவர்கள் டெரிக்கைக் கண்டால் கைப்பையை முன்பக்கம் இழுத்துக்கொள்வார்கள். ஒருநாள் ஒரு பெண் என்னிடம் தமிழில், "அக்கா, இந்தக் குடுகாரரை ஏன் உள்ளுக்கு விடுறியள்?" என்று கேட்டாள். குடு என்றால் எங்கள் பக்கத்தில் ஹெரோயின். "அவரும் மருந்துக்குத்தான் வந்திருக்கிறார், நீங்களும் மருந்துக்குத்தான் வந்திருக்கிறியள். வரிசையில நில்லுங்கோ" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று கடை முதலாளிக்குத் தெரியும். ஆனால் அன்று எனக்கு வந்த கோபம் டெரிக்குக்காக மட்டும் வந்ததல்ல. என் தம்பி ரூபனும் ஒருகாலத்தில் இப்படி ஒரு கோப்பைக்காக வரிசையில் நின்றவன். இந்த ஊரில் அது எனக்கும் என் கணவருக்கும் அவன் மனைவிக்கும் மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது.

நாங்கள் லண்டனுக்குப் போர்த்துக்கல்லில் இருந்து வந்தவர்கள். எங்கள் ஆட்களில் கனபேர் ஜெர்மனி, பிரான்ஸ், ஒல்லாந்து என்று இருந்துவிட்டு பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காக இங்கே வந்து சேர்ந்தார்கள். எங்கள் சுற்று அதைவிட இன்னும் கொஞ்சம் பெரியது. ஜெர்மனியில் என் அகதி வழக்கை நிராகரித்துவிட்டார்கள். காரணம் ஒரு திகதி. அண்ணனை இராணுவம் பிடித்தது தைப்பொங்கலுக்கு முன்பா பின்பா என்று முதல் விசாரணையில் ஒரு மாதிரியும் இரண்டாம் விசாரணையில் வேறு மாதிரியும் சொல்லிவிட்டேன். நடந்தது முழுக்க உண்மை. ஆனால் உண்மையைச் சரியாகப் பாடமாக்காமல் போனது என் பிழை. அந்தக் காலத்தில் போர்த்துக்கல்லில் வேலை காட்டினால் விசா தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு நானும் கணவரும் லிஸ்பனுக்குப் போனோம். பிறகு தம்பியையும் கூப்பிட்டு எடுத்தோம். ஜெர்மனியில் தோற்ற அனுபவத்தை வைத்து நான் லிஸ்பனில் ஒரு பெரிய ஆளாகிவிட்டேன். யாருக்காவது ஒரு விசாரணை, ஒரு நேர்முகம் என்றால் என்னிடம்தான் வருவார்கள். கதையை எழுதி, திகதிகளை அடுக்கி, எங்கே அழவேண்டும் எங்கே தண்ணீர் கேட்கவேண்டும் என்பதுவரை சொல்லிக் கொடுப்பேன். கேஸ் எழுதுவது என்று நாங்கள் சொல்லும் இந்தக் கலையில் எனக்கிருந்த கர்வம் கொஞ்சமல்ல.

போன வசந்த காலத்தில் நடராசா மாஸ்டர் கடைக்கு வந்தார். ஊரில் கணித ஆசிரியராக இருந்தவர், இங்கே எங்கள் பகுதித் தமிழர் சங்கத்தின் தலைவர். நகர கவுன்சிலில் இருந்து ஓர் அதிகாரி ஞாயிற்றுக்கிழமை சங்கம் கூடும் மண்டபத்துக்கு வருகிறாராம். சொந்தப் பாவனைக்காகச் சின்ன அளவு போதைப்பொருள் வைத்திருந்து பிடிபடுகிறவர்கள்மீது வழக்குப் போடாமல், சிகிச்சைக்கோ வகுப்புக்கோ அனுப்பிவிடுகிற ஒரு திட்டத்தைப் பற்றி ஒவ்வொரு சமூகத்திடமும் கருத்துக் கேட்கிறார்களாம். "எங்கட வயதுபோன ஆக்களுக்கு இங்கிலீஸ் பிடிபடாது. நீர் நிண்டு மொழிபெயர்க்க வேணும் பிள்ளை. எல்லாரும் கூடாது எண்டுதான் சொல்லப் போகினம், கனநேரம் எடாது" என்றார். நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். பின்னேரம் ரூபனுக்கு இதைச் சொன்னபோது அவன் உடனே, "நானும் வாறன்" என்றான்.

ரூபனைப் பற்றிச் சொல்லவேண்டும். சொல்வதற்கு எனக்குப் பிடிக்கும், அதனால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். அவன் எலெக்ட்ரிஷியன். லண்டன் வந்தபிறகு முப்பத்தி நாலு வயதில் பகலில் சீமெந்து சுமந்துகொண்டு பின்னேரங்களில் படித்துப் பாஸ் பண்ணியவன். டூட்டிங்கிலிருந்து ஃபாரஸ்ட் கேட் வரைக்கும் எத்தனையோ தமிழ்க் கடைகளின் பெயர்ப்பலகைகளுக்கு வெளிச்சம் கொடுத்தவன் அவன்தான். இப்போது பள்ளிக்கூடங்களுக்கு வயரிங் செய்கிற ஒரு நிறுவனத்தில் மேற்பார்வையாளர், ஓய்வு நாட்களில் கடை வேலைகளும் செய்வான். பிள்ளைகள் படிக்கிற இடத்துக்குள் போவதானால் இங்கே குற்றப் பதிவுச் சான்றிதழ் வேண்டும். அவன் சான்றிதழ் வந்த அன்று நான் அதை வாங்கி மூன்று தரம் பார்த்தேன். குற்றங்கள் எழுதப்படும் பெட்டிக்குள் 'எதுவும் பதிவில் இல்லை' என்று அச்சடித்திருந்தது. போர்த்துக்கல்லில் இருந்து எடுத்த கடிதத்திலும் அப்படியே. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கினவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எந்தப் பட்டத்தைப் பார்த்தும் நான் அந்த வெறும் பெட்டியைப் பார்த்தபோது அழுததுபோல் அழுததில்லை.

லிஸ்பனில் ரூபன் கட்டட வேலைக்குப் போனான். இருபத்திரண்டு வயது. சாரத்திலிருந்து விழுந்து முதுகு நொந்தபோது கூட வேலை செய்த ஒருவன் வலிக்கு இது நல்லது என்று கொடுத்ததில் தொடங்கியது. நான் ஒரு வருடமாகக் கவனிக்கவில்லை. மெலிகிறான் என்று மீன் குழம்பு வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் மத்தியானம் மார்த்தீம் மொனீஷ் சதுக்கத்தில், எங்கள் ஆட்கள் கடை வைத்திருக்கும் இடத்தில், பொலிஸ் அவனை மறித்துச் சட்டைப் பையைத் தேடியது. சின்னப் பொட்டலம் ஒன்று அகப்பட்டது. நிலையத்துக்குக் கொண்டுபோய்ப் பொட்டலத்தின் எடையைப் பார்த்து, அதைத் தாங்கள் வைத்துக்கொண்டு, ஒரு கடதாசியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அடுத்த மூன்று நாட்களுக்குள் ஓர் அலுவலகத்துக்கு வரவேண்டும் என்று அதில் இருந்தது. ஊரில் அப்போது போர் நடந்துகொண்டிருந்தது. அவனுடைய விசா புதுப்பிக்கும் நேரம். வழக்கு வந்தால் சிறை, சிறை முடிந்தால் நாடு கடத்தல், விமானம் இறங்கினால் விமான நிலையத்திலேயே யாராவது கூட்டிக்கொண்டு போவார்கள். ஓர் அண்ணனை ஏற்கெனவே இராணுவம் கூட்டிக்கொண்டு போய்த்தான் இழந்திருந்தோம். இந்த வரிசை மட்டும்தான் என் தலைக்குள் ஓடியது.

ஆகவே நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். கேஸ் எழுதினேன். பொட்டலம் ரூபனுடையதல்ல. கூட வேலை செய்யும் ஒருவன் இன்னொருவனிடம் கொடுக்கச் சொல்லிக் கொடுத்தான். உள்ளே என்ன இருந்தது என்று ரூபனுக்குத் தெரியாது. கொடுத்தவனுக்கு ஒரு பெயர் வைத்தேன். வாங்க இருந்தவனுக்கு ஒரு அடையாளம் வைத்தேன், இடதுகாலைக் கொஞ்சம் இழுத்து நடப்பவன் என்று. மூன்று நாளும் அவனை இருத்தி வைத்துக் கேள்வி கேட்டேன். உடம்பு நடுங்க, மூக்கு ஒழுக, அந்த நிலையிலும் அவன் திரும்பத் திரும்பச் சொல்லிப் பாடமாக்கினான். ஒரு திகதிகூடப் பிசகவில்லை. இதைவிட நல்ல கேஸ் நான் எழுதியதில்லை என்று எனக்குள் ஒரு திருப்திகூட இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அவனுக்கு நீதிமன்றத்துக்குப் போவதுபோல் என் கணவரின் கோட்டைப் போட்டுவிட்டேன். போய்ப் பார்த்தால் அது சாதாரண அலுவலகம். சீருடை இல்லை, உயர்ந்த மேடை இல்லை. வட்ட மேசையைச் சுற்றி மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் சட்டம் படித்தவர், ஒருவர் மருத்துவப் பக்கம், மூன்றாவது ஒரு சமூக சேவைப் பெண், கண்ணாடியைத் தலைமேல் தூக்கி விட்டிருந்தாள். தமிழுக்கு ஆள் கிடைக்கவில்லை, அக்காவே மொழிபெயர்க்கட்டும் என்றார்கள். எனக்கு உள்ளுக்குள் பெரிய நிம்மதி. இனி அவன் எங்காவது தடுமாறினாலும் நான் நிமிர்த்திவிடலாம். அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி, இதை நீ எவ்வளவு காலமாகப் பாவிக்கிறாய் என்பது. ரூபன் தலையைக் குனிந்துகொண்டு தமிழில் சொன்னான், "அக்கா, என்னால ஏலாது. அது என்ர தான் எண்டு சொல்லுங்கோ. எனக்கு உதவி வேணும் எண்டு சொல்லுங்கோ."

நான் அவர்களைப் பார்த்துப் போர்த்துக்கீசில் சொன்னேன், பொட்டலம் தன்னுடையதல்ல என்கிறான், ஒருவரிடம் கொடுக்கச் சொல்லி இன்னொருவர் கொடுத்தாராம் என்று.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சட்டம் படித்தவர் பேனாவைக் கீழே வைத்தார். அம்மா, கவனமாகக் கேளுங்கள் என்று மெதுவாகப் பேசினார். இந்த நாட்டில் ஒருவர் தன் சொந்தப் பாவனைக்குச் சில நாளுக்கானதை வைத்திருந்தால் அவர் எங்களிடம் வருவார். அது தவறுதான், ஆனால் குற்ற வழக்கல்ல. இன்னொருவருக்குக் கொடுப்பதற்காக வைத்திருந்தால் அது கடத்தல். அதை நாங்கள் பார்க்க முடியாது, பொலிஸுக்கும் நீதிமன்றத்துக்கும் திருப்பி அனுப்பவேண்டும். உங்கள் தம்பி சொன்னது இதுதானா?

பொய் சொன்னால் தப்பலாம், உண்மை சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்பது நான் அறிந்த எல்லா அலுவலகங்களின் விதி. இங்கே நான் எழுதிய அருமையான கேஸ்தான் அவனைச் சிறைக்கு அனுப்பப் போகிறது. திருத்திச் சொன்னால் நான் பொய்க்காரி, சொல்லாவிட்டால் அவன் கடத்தல்காரன். அப்போது ரூபன் தலையை நிமிர்த்தினான். கட்டட வேலையில் பொறுக்கிய போர்த்துக்கீசு அவனிடம் கொஞ்சம் இருந்தது. "எ பரா மீங்" என்றான். அது எனக்கு, என்று அர்த்தம். பிறகு என்னைக் கையால் காட்டி, அக்காவுக்குப் பயம், அவள்மேல் கோபிக்காதீர்கள் என்று உடைந்த சொற்களில் சொன்னான். அந்தச் சமூக சேவைப் பெண் தலைமேல் இருந்த கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

சிகிச்சைக்குப் போக அவன் சம்மதித்ததால் நடவடிக்கையை நிறுத்தி வைத்தார்கள். லிஸ்பனில் மெத்தடோன் ஒரு வான் வண்டியில் வரும். தினமும் குறித்த இடத்தில் வந்து நிற்கும், வரிசையில் நின்று கோப்பையை வாங்கிக் குடிக்கவேண்டும். நான் அவனோடு போய்த் தெருவின் மறுபக்கம் நிற்பேன். சட்டம் அவனைக் குணப்படுத்தியது என்று சொன்னால் அது இன்னொரு கேஸ் எழுதுவதாகிவிடும். அவன் இரண்டு தரம் திரும்பவும் விழுந்தான். ஒருதரம் என் சங்கிலியை எடுத்துக்கொண்டு போனான். அவனோடு ஒரே அறையில் இருந்த மட்டக்களப்புக்காரனுக்கும் அதே சட்டம்தான், அதே வான்தான். அவன் வரிசைக்குப் போகவே இல்லை, ஒரு மழைக்காலத்தில் செத்துப்போனான். சட்டம் செய்தது ஒன்றே ஒன்று. எழுந்து வர நினைத்த ஒவ்வொரு தடவையும் ரூபனின் வழியில் ஒரு சிறைக் கதவு குறுக்கே நிற்கவில்லை. நாலாம் வருட முடிவில் அவன் எழுந்தான். அதன் பிறகு விழவில்லை. எழுந்தது அவன். அந்தப் பெருமையை நான் எந்த அரசாங்கத்துக்கும் முழுதாகக் கொடுக்கமாட்டேன்.

இப்படிப்பட்டவன் மண்டபத்துக்கு வருகிறேன் என்றால் எனக்கு ஏன் பயம் வராது? "வந்து என்னடா செய்யப் போறாய்?" என்று கேட்டேன். "எழும்பிச் சொல்லப் போறன்" என்றான். உனக்குப் பத்து வயதில் ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள், நாளைக்கு அவளுக்கு ஒரு கலியாணம் பேசும்போது தகப்பனைப் பற்றி நாலு நாட்டுக்குப் போன் போட்டு விசாரிப்பார்கள் என்றேன். உனக்கு வேலை தருகிற கடைக்காரர் எல்லாரும் அந்த மண்டபத்தில்தான் இருப்பார்கள் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் சொன்னான், "அக்கா, அவை கூடாது எண்டு சொல்லட்டும். ஆரைப் பற்றிச் சொல்லினம் எண்டு தெரிஞ்சு சொல்லட்டும்." அவன் மனைவி பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்த்து, "சொன்னால் கேக்கிற ஆளே மச்சாள்?" என்றாள். அவள் முகத்திலும் பயம் இருந்தது. ஆனால் தடுக்கவில்லை.

ஞாயிறு மத்தியானம் மண்டபம் நிறைந்துவிட்டது. வடையும் தேத்தண்ணீரும் இருக்கும் என்று மாஸ்டர் வட்ஸ்அப்பில் போட்டிருந்தார். கவுன்சிலில் இருந்து வந்தவள் எமிலி என்ற இளம்பெண். முன்கூட்டியே என்னைக் கூப்பிட்டு, மொழிபெயர்ப்பவர் 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது, பேசுபவர் 'நான்' என்றால் நீங்களும் 'நான்' என்றே சொல்லவேண்டும், அதுதான் முறை என்று சொல்லித் தந்தாள். சரி என்றேன். மாஸ்டர் எழும்பி, இது எங்கள் பிள்ளைகளைக் கெடுக்கிற திட்டம் என்றார். ஒரு கடைக்காரர், இன்றைக்குக் கையில் வைத்திருக்கலாம் என்பார்கள், நாளைக்குக் கடையில் விற்கலாம் என்பார்கள் என்றார். ஒரு தாய் எழும்பிச் சொன்னது மட்டும் எனக்கு இன்னும் நிற்கிறது. "பிள்ளையள் எங்களுக்குப் பயப்பிடுறதில்லை. சாமிக்கும் பயப்பிடுறதில்லை. பொலிசுக்கு மட்டும்தான் கொஞ்சம் பயம். அதையும் எடுத்துப்போட்டியள் எண்டால் எங்களிட்ட வேற என்ன இருக்கு?" நான் அதை ஆங்கிலத்தில் சொல்லும்போது என் குரல் தணிந்தது. அவள் சொன்னதில் நியாயம் இல்லை என்று என்னால் இப்போதும் சொல்ல முடியாது.

பிறகு ரூபன் எழும்பினான். பின்வரிசையில், வேலைச் சட்டையோடு.

"என்ர பேர் ரூபன். இஞ்ச இருக்கிற கனபேரின்ர வீட்டுக்கு லைட் போட்டனான், உங்களுக்கு என்னைத் தெரியும். நான் நாலு வருசம் குடு பாவிச்சனான்."

கதிரைகள் கிறீச்சிட்டன. தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டார். எமிலி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மண்டபத்தில் பாதிப்பேருக்கு மேல் ஆங்கிலம் தெரியும். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நன்றாக நிமிர்ந்து நின்று, மைக்கை வாய்க்குக் கிட்டப் பிடித்து, ஆங்கிலத்தில் சொன்னேன். நான் நாலு வருடம் ஹெரோயின் பாவித்தேன்.

அவன் சொல்லச் சொல்ல நானும் சொன்னேன். நான் என் அக்காவின் சங்கிலியைத் திருடினேன். போர்த்துக்கல்லில் என்னைப் பொலிஸ் பிடித்தது. பிடித்த நாடு என்னைச் சிறையில் போடவில்லை, மேசையருகே இருத்தி என்ன வேண்டும் என்று கேட்டது. இன்றைக்கு நான் உங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குள் போய் வேலை செய்கிறேன், ஏனென்றால் என் பெயருக்கு எதிரே ஒன்றும் எழுதப்படவில்லை. அவன் தமிழில் ஒரு வசனம், நான் ஆங்கிலத்தில் ஒரு வசனம். ஒரு சொல்லைக்கூட நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை. முடித்துவிட்டு அவன் கதிரையில் இருந்தான். யாரும் கைதட்டவில்லை. மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அது போர்த்துக்கல் தம்பி, இது லண்டன்" என்று மட்டும் சொன்னார். ஆனால் குரலில் பழைய அதிகாரம் இல்லை. ரூபனை எனக்கு அவன் பிறந்த நாளிலிருந்து தெரியும். அன்று அவனைப் பார்த்துப் பெருமைப்பட்டதுபோல் நான் என் வாழ்நாளில் பட்டதில்லை.

எல்லாரும் போனபிறகு குசினியில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டு நின்றேன். மண்டபத்தைப் பூட்டும் வெள்ளைக்காரர் வந்தார். அவர் கதவுக்கு வெளியே நின்று என் ஆங்கிலத்தை மட்டும்தான் கேட்டிருக்கிறார். நீங்கள் அங்கே சொன்னதைக் கேட்டேன், என் தங்கையும் உங்களைப்போலத்தான், ஆனால் அவள் மீளவில்லை, நீங்கள் மீண்டுவிட்டீர்கள், நன்றாக இருங்கள் என்றார். அது நானல்ல என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கண் கலங்கியிருந்தது. தாங்க் யூ என்று சொல்லி, கோப்பையைத் துடைத்து அவர் கையில் கொடுத்தேன்.

அந்தக் கிழமை ரூபனுக்குப் பேசி வைத்திருந்த இரண்டு கடை வேலைகள் நின்றுபோயின. ஒருவர் தன் மச்சான் வேலையைச் செய்கிறாராம் என்றார், மற்றவர் காரணமே சொல்லவில்லை. ரூபன் தோளைக் குலுக்கினான். நான் இரண்டு பேரையும் மனதுக்குள் நன்றாகத் திட்டினேன், ஒருவரைத் தெருவில் கண்டு நேரிலும் திட்டினேன். திட்டம் என்னவாகும் என்று எமிலிக்கே தெரியவில்லை. கருத்துகளை மேலே அனுப்பியிருக்கிறார்களாம். இந்த நாட்டில் பேசிக்கொண்டே இருப்பார்கள். அதுவரை டெரிக்கைப் போன்றவர்கள் ஒரு பக்கம் மருந்துக்கும் மறுபக்கம் வழக்குக்குமாக அலைந்துகொண்டிருப்பார்கள்.

புதன்கிழமை டெரிக் மருந்தைக் குடித்து, நான் சாப்பிட்டேனா என்று கேட்டுவிட்டுப் போனதும், பின்னால் காத்திருந்த ஒரு பெண் முன்னால் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். ஹவுன்ஸ்லோவில் இருந்து வருவதாகச் சொன்னாள். அங்கே மருந்துக்கடை இல்லையா என்று கேட்கப்போனவள் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். "அக்கா, நான் ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில இருந்தனான்" என்றாள். அவளைப் பக்கத்தில் இருந்த சின்ன அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன்.

அவள் கணவர் ஹீத்ரோவில் விமானத்துக்குப் பெட்டி ஏற்றுகிறவர். ஷிப்ட் மாறி மாறி வந்ததில் முதலில் நித்திரைக்கென்று தொடங்கி, இப்போது இரண்டு வருடமாக ஹெரோயினில் நிற்கிறார். நேற்று முதல்தரம் அழுது, விடவேண்டும் என்று கேட்டிருக்கிறார். "பொலிஸ் பிடிச்சால் எயார்போட் பாஸைப் பறிச்சுப்போடுவாங்கள். டொக்டரிட்டப் போனாலும் பதிஞ்சு பொலிசுக்குக் குடுத்திடுவினம் எண்டு அவர் மாட்டன் எண்டுறார்" என்றாள். பிறகு குரலை இன்னும் தணித்துக் கேட்டாள், "போர்த்துக்கலுக்கு அனுப்பினால் சரிவருமோ அக்கா? எனக்கு அங்க ஒருத்தரும் இல்லை. ஆனால் இவர் தப்பினால் காணும்."

எங்கள் சனத்தை நினைத்து எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. எந்த வருத்தத்துக்கும் நாங்கள் தேடுகிற மருந்து இன்னொரு நாடு. நானே அப்படி மூன்று நாடு மாறியவள். இந்தப் பதினைந்து வருடமாக எதற்கெடுத்தாலும் அங்கே அப்படி, இங்கே இப்படி என்று லண்டனைக் குறை சொல்லிக்கொண்டே இருப்பவள். ஆனால் அன்று என் வாயில் வந்தது வேறு. "ஒரு இடமும் போகவேண்டாம். இஞ்சயே இருங்கோ" என்றேன். இங்கேயும் டொக்டரிடம் உதவிக்குப் போனால் அது பொலிஸுக்குப் போகாது என்பதைச் சொன்னேன். வேலையிடத்து விதிகளைப் பற்றி விளக்கிச் சொல்பவர்களும் சிகிச்சை நிலையத்திலேயே இருக்கிறார்கள் என்றேன். போகவேண்டிய இடத்தின் முகவரியை எழுதினேன். முதல் நாள் நானும் கூட வருகிறேன் என்றேன். அவள் முகவரியை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு, "உங்கட தம்பியோட இவரைக் கதைக்கவிட ஏலுமோ?" என்றாள்.

மருந்துப் பையின் பின்பக்கத்தில் ரூபனின் நம்பரை எழுதினேன். அவள் வாசித்துப் பார்த்து, "இது லண்டன் நம்பர் இல்லையே" என்றாள். முன்னால் 351 நின்றது. இங்கே வந்து இத்தனை வருடமாகியும் அவன் வட்ஸ்அப்பில் லிஸ்பன் நம்பரைத்தான் வைத்திருக்கிறான். அங்கே மெத்தடோன் வரிசையில் அவனோடு நின்றவர்களிடம் இருப்பது அந்த நம்பர்தானாம், யாராவது எப்போதாவது எடுத்தால் அவன் அகப்பட வேண்டுமாம். "ஆள் ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். எடுங்கோ" என்றேன். அவள் ஒவ்வொரு இலக்கமாக, முதலில் அந்த நாட்டை, பிறகு என் தம்பியை, அழுத்தினாள். மணி மூன்று தரம் அடித்தது. சின்ன அறைக்குள் எனக்கும் கேட்கும்படியாக அவன் குரல் வந்தது.

"ஓம், சொல்லுங்கோ. நான் இஞ்சதான் நிக்கிறன்."